வலது கைக்கு மட்டும்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்பது பன்னிரண்டாவது தடவை அடித்தபோது புரிந்தது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க உன்னால் முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்கிற ஆள் நீ இல்லை.

மாப்பிள்ளைதான் விஷயத்தைச் சொன்னார். ஆள்காட்டி விரலுக்கு வெளியே எட்டுத் தையல், உள்ளே அறுந்த நரம்புக்குத் தனியாகத் தையல் என்றார். அம்மாவிடம் சின்னக் கீறல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அதற்குமேல் அவர் சொன்னதுதான் எனக்கு இறங்கவில்லை. "நீங்க பிறந்தநாளுக்குக் குடுத்தீங்களே, அந்தக் கத்திதான் தானா மூடிக்கிச்சு" என்கிறார். தானாக மூடிக்கொள்ள அது என்ன ஜன்னல் கதவா?

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தக் கத்தியின் பிடிக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. ஒரு பக்கத்துத் தகட்டை நீளவாக்கில் பிளந்து, அதில் ஒரு பாதியை உள்பக்கமாக வளைத்து விட்டிருப்போம். கத்தி மூடியிருக்கும்போது அலகு அந்தத் தகட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும். அலகை முழுக்கத் திறந்த உடனே தகடு துள்ளி வந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்றுவிடும். 'டிக்' என்று கேட்குமே, அது இதுதான். கட்டைவிரலால் நீயாகத் தகட்டைத் தள்ளி ஒதுக்கினால் ஒழிய அலகு மடங்கவே மடங்காது. பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு கத்தியையும் நான் திறந்து, அலகின் முதுகை மரக்கட்டையில் ஏழு தட்டு தட்டி, இறுகப் பிடித்து நாலு முறுக்கு முறுக்கிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பெட்டியின் மேல் என் முத்திரையைக் குத்துகிறேன். உன் கத்திக்கு ஏழு இல்லை, இருபது தட்டு தட்டினேன்.

ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எதையாவது நெம்பினாயா? தகட்டின் இடுக்கில் செடிப்பால் உறைந்து கிடந்ததா? எப்படிப் பிடித்திருந்தாய்? கத்தியைக் கழுவாதே, திருகாணியைத் தொடாதே, அப்படியே எனக்கு அனுப்பு. பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் என் விரலைப் பற்றி நாலு வரி இருக்கிறது. தகட்டைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. விடுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதால் எண்ணிப் பார்க்க நேரம் கிடைத்தது.

என்ன செய்தேன் என்று கேட்டாயே, சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை. நர்சரியில் எலுமிச்சைக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். வேர்ச்செடியின் தலையை வெட்டிவிட்டு, தண்டின் நடுவில் அலகை இறக்கிப் பிளக்க வேண்டும். பிறகு அலகை லேசாகத் திருப்பினால் பிளவு விரியும். அதில் ஒட்டுக்குச்சியைச் செருகி, நாடாவால் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு செடி. ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலை. அலகைத் திருப்பினேன், கத்தி மடங்கிற்று. அவ்வளவுதான். நெம்பவில்லை, செடிப்பால் உறையவில்லை. பக்கத்து மேசைக்காரி கத்தினபிறகுதான் மண்ணில் சொட்டுவது என் ரத்தம் என்று தெரிந்தது.

ஒன்பது வருஷமும் என்னிடம் இருந்தது ஒரு பழைய மடக்குக் கத்தி. பூட்டே கிடையாது. முதுகில் ஒரு ஸ்பிரிங் மட்டும் இருக்கும். அது அலகை அழுத்தி நிமிர்த்தி வைத்திருக்கும். கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். மடங்கும் என்று எனக்குத் தெரியும், என் விரலுக்கும் தெரியும். அதனால் அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. நீதான் போன வருஷம் இங்கே வந்தபோது அதை இரண்டு விரலால் எலி வாலைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கத்தியா? குப்பையில போடுடி, நான் பூட்டு வச்சது அனுப்புறேன்" என்றாய். நானும் போட்டேன். பூட்டு இருக்கிறது என்று நம்பி விரலை அங்கே வைத்தேன். பழைய கத்தியாக இருந்தால் வைத்திருக்கவே மாட்டேன்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல் வளையும், ஆனால் முழுசாக மடங்காது என்கிறார். மடங்காத விரலை வைத்துக்கொண்டு நாடா சுற்ற முடியாது. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாம், ஆனால் நீ கேட்டிருக்கலாம்.

எப்படிப் பிடித்திருந்தாய் என்று மட்டும் கேட்டாய். எல்லாவற்றையும் எப்படிப் பிடிக்கிறேனோ அப்படித்தான். இடது கையில்.

கத்தி என்னிடம்தான் இருக்கும். அனுப்புவதாக இல்லை.

உன் தங்கை


மார்ச் 15

அன்புள்ள வாலுவுக்கு,

இடது கையிலா?

நீ இடது கையை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. நீ வலது கையால் எழுதியதைத்தான் பார்த்திருக்கிறேன், வலது கையால் தலை வாரியதைத்தான் பார்த்திருக்கிறேன். போன கடிதத்தைக்கூட வலது கையால்தானே எழுதியிருக்கிறாய்? உன் எழுத்து என் எழுத்தைவிட அழகு என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? பழக்கினவள் நானல்லவா.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வரியைப் படித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. என் பூட்டு ஏமாற்றிவிட்டதோ, என் முத்திரையை நம்பி இன்னும் எத்தனை பேர் அதைக் கையில் வைத்திருக்கிறார்களோ என்று படுத்தால் அதே நினைப்பு. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. பூட்டில் குறை இல்லை.

வலது கையில் பிடித்தால் விரல்கள் அடியிலிருந்து சுற்றி வரும்போது தகட்டை உள்பக்கமாகத்தான் தள்ளும். அதாவது இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கப் பூட்டு இன்னும் இறுகும். இடது கையில் பிடித்தால் விரல்கள் எதிர்த் திசையில் சுற்றும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத் தகட்டை வெளியே ஒதுக்கும். முறுக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீயே உன் விரலால் பூட்டைத் திறந்திருக்கிறாய். உனக்கே தெரியாமல்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்தது கத்தி இல்லை என்று ஒத்துக்கொள்.

உங்கள் நர்சரியிலிருந்து பட்டறைக்கு ஒரு கடிதம் வந்தது, விபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டு. இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது என் வேலை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன். முதலாளி படித்துவிட்டுத் தலையாட்டினார். விஷயம் அதோடு முடிந்தது.

விரலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருப்பார்களே, விடாமல் செய். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

உன் பதிலின் நகலை மேனேஜர் எனக்குக் காட்டினார். வாசகத்தை மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். "கத்தியில் குறைபாடு ஏதும் இல்லை. உபயோகித்தவர் அதனைத் தவறான கையில் பிடித்ததே விபத்துக்குக் காரணம்." கீழே உன் கையெழுத்து. அதற்குக் கீழே உன் முத்திரை.

தவறான கை. நல்ல வார்த்தை, அக்கா. இருபத்தைந்து வருஷம் கழித்தும் உனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

நீ என்னவோ பழக்கினேன் என்று எழுதுகிறாயே, எப்படிப் பழக்கினாய் என்பதையும் எழுதியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற நீல ரிப்பனை எடுத்து என் இடது மணிக்கட்டை நாற்காலிச் சட்டத்தோடு கட்டுவாய். எனக்கு ஏழு வயது, உனக்குப் பன்னிரண்டு. "தப்புக் கை கட்டிக் கெடக்கட்டும், நல்ல கையால எழுது" என்பாய். நான் எழுதியதையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவாய். மூக்கு அரித்தால்கூட உன்னிடம் கேட்டுத்தான் சொறிந்துகொள்ள வேண்டும். அதனால்தானே உனக்கு வாத்தியாரம்மா என்று பேர் வைத்தேன். வீடே சிரித்தது. நான் சிரிப்பதற்காக வைக்கவில்லை.

நான் மாறவில்லை அக்கா, ஒளிந்துகொண்டேன். உங்கள் கண்ணெதிரே வலது கை, நீங்கள் இல்லாத இடத்தில் இடது கை. கல்யாணமாகி இங்கே வந்த அன்றைக்கு அவர், "நீ இடது கையா? எங்க சித்தப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே அந்த மனுஷனோடு நூறு வருஷம் இருக்கலாம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கருவி கெட்டு வேலைக்காரர் கையில் அடிபட்டால், அவரை லேசான வேலைக்கு மாற்றி, கை தேறும் வரை ஒட்டு மேசையில் அவர் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள். வேலைக்காரர் அஜாக்கிரதையால் அடிபட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் எது என்பதை ஏப்ரல் பத்தாம் தேதி முடிவு செய்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் நீ எழுதியது. மேனேஜர் நல்லவர்தான். "உங்க சொந்த அக்காவே இப்படி எழுதினா நான் என்னம்மா பண்றது?" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எழுதுவது நீ எனக்குச் செய்து கொடுத்த கை. நான் பிறக்கும்போது கொண்டுவந்த கைதான் கட்டுப் போட்டுக்கொண்டு மடியில் கிடக்கிறது.

இப்படிக்கு,
தவறான கைக்காரி


மார்ச் 26

வாலு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. அதை மறைக்கவில்லை.

ரிப்பன் கட்டியது உண்மை. ஆனால் நானாகவா கட்டினேன்? அம்மா சொன்னாள், கட்டினேன். "ஊர் சிரிக்கும், நீ பாத்துக்கோ" என்றாள். பன்னிரண்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? உன் எழுத்து கோணினால் எனக்கல்லவா திட்டு விழும்? இன்றைக்கு அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் கட்டச் சொன்னேன், அதுக்கு இப்ப என்ன?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடி அவள் தலையிலேயே இருந்தது.

என் நிலைமையையும் நீ கொஞ்சம் பார். இந்தப் பட்டறையில் முத்திரைக் கட்டை ஒரு பெண்ணிடம் இருப்பது இதுதான் முதல் தடவை. பதினாறு வருஷம் அரம் பிடித்துத் தகடு தேய்த்தபிறகு கிடைத்தது. எனக்குப் பின்னால் அதற்கு நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். "நான் எழுதியது தவறு" என்று நானே எழுதிக் கொடுத்தால், "பாத்தீங்களா, தங்கச்சின்னதும் மாத்திட்டாங்க" என்பார்கள். அதற்கப்புறம் நான் குத்துகிற முத்திரைக்கு என்ன மதிப்பு?

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். "தவறான" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, "இக்கத்தி இடது கை உபயோகத்துக்கு உகந்ததல்ல" என்று மாற்றி எழுதித் தருகிறேன். கௌரவமாக இருக்கும். உனக்கும் மனசு புண்படாது, எனக்கும் பேச்சு வராது. மேனேஜர் நல்லவர் என்கிறாயே, அதைப் பார்த்து இரக்கப்படலாம்.

இன்னொரு விஷயம். ரொம்ப நாளாகவே மனசில் ஒரு மூலையில் இருந்தது. கத்தி திறந்திருக்கும்போது தகடு அலகின் அடிப்பாகத்தில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? பிடிக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். மூன்றில் ஒரு பங்கா, அதற்கும் குறைவா? சும்மாதான் கேட்கிறேன். கத்தியையே அனுப்பினால் இன்னும் நல்லது.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

உன் புது வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "அதையேதானே சொல்றாங்க, கொஞ்சம் பவுடர் போட்டு" என்றார். சிரித்துவிட்டேன். அடிபட்ட பிறகு முதல் சிரிப்பு. அதற்கு மட்டும் நன்றி.

அம்மா சொன்னாள், கட்டினேன் என்கிறாய். சரி. அம்மா தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குவாள். குறட்டைகூடக் கேட்கும். அந்த ஒரு மணி நேரம் நீயும் நானும் மட்டும்தான் அறையில். முடிச்சைத் தளர்த்த உனக்கு வருஷம் முழுக்கத் தினம் ஒரு மணி நேரம் இருந்தது. நீயோ முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரலை விட்டுச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். இன்றைக்கு வரை உனக்கு அதுதான் உத்தியோகம்.

தகடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று "சும்மா" கேட்கிறாய். உன்னை எனக்குத் தெரியும். சும்மா ஒரு கேள்வியை நீ வாழ்க்கையில் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். அலகின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நகக்கண் அளவு. மூன்றில் ஒரு பங்கெல்லாம் இல்லை.

என் பக்கத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தக் கத்திதான். யாரிடமும் கொடுக்காதே என்று அவர் படித்துப் படித்துச் சொல்கிறார். இருந்தாலும் இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். நல்லெண்ணத்தால் இல்லை. நீ என்ன செய்வாய் என்று ஒருமுறை முழுசாகத் தெரிந்துகொள்ளத்தான். கழுவவில்லை. நீ சொன்னபடியே திருகாணியையும் தொடவில்லை.

இடது கையில் பிடித்து முறுக்கிப் பார். பார்த்தபிறகு எழுது. பார்க்காவிட்டால் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் யாரும் இல்லை. சாவி என்னிடம் இருந்தது. உன் கத்தியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிடியின் இடுக்கில் காய்ந்து கறுத்திருந்தது. பிறகு இடது கையில் தோல் உறை மாட்டிக்கொண்டு பிடித்தேன். கட்டைத் துண்டில் அலகை இறக்கி முறுக்கினேன். முதல் முறுக்கு நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவதில் மடங்கி உறையைக் கிழித்தது. மடங்கியபோது 'டிக்' என்றுகூடக் கேட்கவில்லை. நீ சொன்னது சரிதான்.

அலமாரியிலிருந்து என் முத்திரை விழுந்த பெட்டிகளில் அறுபதை எடுத்தேன். வலது கையில் அறுபதும் நின்றது. இடது கையில் பத்தொன்பது மடங்கிற்று. அரைமணி நேர வேலை. இத்தனை வருஷத்தில் ஒருநாள் கூட எனக்குத் தோன்றவில்லை. பட்டறையில் இடது கைக்காரர் ஒருவர்கூட இல்லை. அல்லது உன்னை மாதிரி ஒளிந்துகொண்டு இருந்தார்களோ என்னவோ.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. புதுக் கத்தியில் தகடு கொஞ்சமாக ஏறி நிற்பது நல்லது. உபயோகிக்க உபயோகிக்கத் தேய்ந்து உள்ளே போகும், ரொம்ப வருஷம் உழைக்கும். அதனால் நான் ஓரத்தைத் தொட்டாலே போதும் என்று விட்டுவிடுவேன். இது குறைவு என்று உள்ளுக்குள் தெரியும். ஆனால் ஏழு தட்டிலும் நாலு முறுக்கிலும் நிற்கிறதே, நின்றால் சரி என்று முத்திரையைக் குத்திவிடுவேன். நின்றது பூட்டு இல்லை. என் வலது கை விரல்கள் அடியிலிருந்து தகட்டைத் தாங்கிப் பிடித்திருந்தன. நானே பிடித்துக்கொண்டு, பூட்டு பிடிக்கிறது என்று இத்தனை நாளாக முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஆகவே இடது கையில் பிடித்தது உன் தவறு இல்லை. எந்தக் கையில் பிடித்தாலும் நிற்க வேண்டியது பூட்டு. அது நிற்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் பத்தொன்பது கத்தியையும் கொண்டுபோய் வைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லாத்தையும் திரும்ப வாங்கித் தகடு மாத்துறதா? நடக்கிற கதையா? ஒரு சீட்டு அடிச்சு உள்ள போட்டுடுவோம்" என்றார். நர்சரிக்கு எழுத வேண்டும் என்றேன். "எழுதுங்க. ஆனா அதுக்கப்புறம் முத்திரைக் கட்டையை இங்க வச்சிட்டுப் போங்க" என்றார்.

எழுதினேன். "என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கத்தியின் பூட்டு குறைபாடுடையது. அதைச் சரிபார்த்துத் தேர்வு செய்தவள் நான். உபயோகித்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை." முத்திரையையும் குத்தினேன். அதுதான் கடைசி. இன்றைக்கே கூரியரில் போகிறது, எட்டாம் தேதி கிடைத்துவிடும். நகல் இத்துடன் இருக்கிறது.

இப்போது கடைசி மேசையில் பெட்டி மடிக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கத்தி, ஒரு துணி, ஒரு சீட்டு. சீட்டில் "வலது கைக்கு மட்டும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு போடுகிறேன். நான் உனக்கு எழுதிய அதே வாக்கியம்தான், கொஞ்சம் சின்னதாக. போட வேண்டாம் என்று சொல்ல நான் யார் இப்போது?

உனக்கு ஒரு கத்தி அனுப்பியிருக்கிறேன். கோபப்படாமல் பிரித்துப் பார். இதில் பக்கத் தகடு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு கம்பி இருக்கிறது. அலகின் அடியில் வெட்டியிருக்கிற பள்ளத்தில் அதன் கொக்கி மேலிருந்து விழுந்து உட்கார்ந்துகொள்ளும். மூட வேண்டுமானால் கம்பியின் பின்கோடியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அது முதுகின் நடுவில் இருப்பதால் எந்தக் கையில் பிடித்தாலும் விரல் அதில் படாது. நூறு தட்டு தட்டினேன். ஐம்பது வலது கையில், ஐம்பது இடது கையில்.

ரிப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. எந்த வரியைத் தொடங்கினாலும் "ஆனால்" என்று ஒரு சொல் பின்னால் வந்துவிடுகிறது. மத்தியானத்தில் அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு

நர்சரிக்கு உன் கடிதம் ஒன்பதாம் தேதிதான் வந்தது. ஒருநாள் தாமதித்திருந்தால் என் கதை முடிந்திருக்கும். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். சீட்டு எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார். செடியின் பேர், ஒட்டுக் கட்டிய தேதி. ஒட்டு மேசையில் என் இடம் ஆறு மாதம் காலியாக இருக்கும். விரல் ஆறு மாதத்தில் மடங்காது. டாக்டருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் முத்திரை போனதற்கு வருத்தம். நிஜமாகவே. ஆனால் ஆறுதல் சொல்ல வரவில்லை.

கத்தி வந்தது. திறந்தேன். மூடினேன். எந்தக் கை என்று அது கேட்கவில்லை. நல்ல கத்தி. மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அதை வைத்து நான் வெட்ட ஒன்றும் இல்லை.

நீ வருவதாக அம்மா போனில் சொன்னாள். வராதே. இப்போது வேண்டாம்.

இதை இடது கையால் எழுதுகிறேன். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பேனா. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஏழு வயதுப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கிறது என்றார் அவர். அந்த வயதில்தான் நிறுத்தி வைத்தாய். அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

திருத்தி அனுப்பாதே.